பழைய விண்டோஸ் எங்கே கிடைக்கும்?

தமிழ்நாட்டில் கொஞ்சம் வயதான அச்சகம் எதற்குள் நுழைந்தாலும் ஓரத்தில் ஒரு பழைய கணினி இருக்கும். முதலாளியையும் மூத்த டிடிபி ஆபரேட்டரையும் தவிர வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. விண்டோஸ் எக்ஸ்பி, பேஜ்மேக்கர் 7, யூனிகோடு அல்லாத தமிழ் எழுத்துருக்கள், அவை வேலை செய்வதற்கென்று பின்னால் செருகிய ஒரு டாங்கிள். இருபது ஆண்டுக் கல்யாணப் பத்திரிகைகள், கும்பாபிஷேக மலர்கள், பில் புத்தகங்கள், நினைவஞ்சலிச் சுவரொட்டிகள் எல்லாம் அதற்குள். “அண்ணே, போன வருஷம் அடிச்ச மாதிரியே, தேதிய மட்டும் மாத்திக் குடுங்க” என்று வாடிக்கையாளர் வந்து நிற்கும்போது அந்தக் கணினிதான் சோறு போடுகிறது.

அதன் ஹார்ட் டிஸ்க் ஒருநாள் நின்றுபோகும். வேறு கணினியில் புது விண்டோஸைப் போட்டால் தீராதா என்று கேட்பவர்கள் அந்தக் கோப்புகளைத் திறந்து பார்த்ததில்லை. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. தமிழக அரசு யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டதே 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டையொட்டித்தான். அதற்கு முன் ஆளுக்கொரு குறியீட்டு முறை இருந்தது. அந்தக் காலத்து ஆவணத்தை இன்றைய கணினியில் திறந்தால் அம்மனின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் கலந்து கிடக்கும். எழுத்தை மாற்றித் தரும் செயலிகள் உண்டு. பக்க அமைப்பை அவை மீட்டுத் தருவதில்லை.

எனவே அச்சகக்காரர் கேட்கும் கேள்வி நியாயமானது: பழைய விண்டோஸ் எங்கே கிடைக்கும்?

அவர் மட்டும் கேட்கவில்லை. கடைசல் பட்டறையின் சி.என்.சி. இயந்திரம், எடை மேடை, ஆய்வகத்தின் அளவீட்டுக் கருவி எனப் பல லட்சம் கொடுத்து வாங்கிய பொருள்களுடன் வந்த மென்பொருள் குறிப்பிட்ட ஒரு விண்டோஸில் மட்டுமே ஓடும். இயந்திரம் இன்னும் இருபது ஆண்டு உழைக்கும். அதை ஆட்டுவிக்கும் இயங்குதளத்துக்கு ஆயுள் பத்து ஆண்டுதான். பணக்கார நாடுகளிலும் இதே கதை. ஜெர்மனியில் ரயில்களின் காட்சித்திரை அமைப்பைப் பராமரிக்க விண்டோஸ் 3.11 தெரிந்த ஆள் தேவை என்று 2024 ஜனவரியில் வேலை விளம்பரம் வந்து உலகமே சிரித்தது. சான் ஃபிரான்சிஸ்கோ நகரின் ரயில் கட்டுப்பாட்டு அமைப்பு 1998 முதல் ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பி வட்டுகளைக் கொண்டே ஓடிவந்தது. அதை மாற்றுவதற்கான ஒப்பந்தத்துக்கு 2024 அக்டோபரில்தான் ஒப்புதல் கிடைத்தது. ஓடுகிற பொருளை மாற்றுவதில் எல்லா ஊரிலும் தயக்கம்தான்.

இப்போது இந்தக் கேள்விக்கு அவசரம் கூடியிருக்கிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் வேண்டும். 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதல் ஆண்டுகளில் மாணவர்கள் வாங்கிய எந்த மடிக்கணினியிலும் இவை இல்லை. இருக்கவும் முடியாது, எட்டாம் தலைமுறைச் செயலி சந்தைக்கு வந்ததே 2017-ல்.

கேள்வி நியாயமானதாக இருந்தும், இணையத்தில் அதற்குக் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் விஷம்.

இலவசமாக வருவது

2022-ல், போர் நடந்துகொண்டிருந்த உக்ரைனில், ஒரு டாரண்ட் தளத்தில் உக்ரைனிய மொழி விண்டோஸ் 10 நிறுவல் கோப்பு ஒன்று ஏற்றப்பட்டது. பார்வைக்கு அசலேதான், நிறுவினால் அசலைப் போலவே இயங்கியது. உள்ளே மட்டும் சில வேலைகள் நடந்திருந்தன. மைக்ரோசாஃப்டுக்குத் தகவல் போகும் வழியை அடைத்திருந்தார்கள், தானியங்கித் திருத்தங்களை நிறுத்தியிருந்தார்கள், உரிமச் சோதனையைத் தவிர்த்திருந்தார்கள். பயனருக்கு இவையெல்லாம் வசதியாகத் தோன்றியிருக்கும். அந்த வசதிகளோடு கணினியை வேவு பார்க்கும் ஏற்பாடும் சேர்ந்து வந்தது. உக்ரைன் அரசு அலுவலகங்களில் அது கண்டுபிடிக்கப்பட்டதாக மேண்டியன்ட் நிறுவனம் அந்த ஆண்டு டிசம்பரில் அறிக்கை வெளியிட்டது. போர்க்கால அரசு அலுவலகத்தில் யாரோ ஒருவர், நம் ஊர் சர்வீஸ் கடைக்காரரைப் போலவே, கைக்குக் கிடைத்த விண்டோஸைப் போட்டிருக்கிறார்.

மறு ஆண்டு ஜூனில் ரஷ்ய நிறுவனமான டாக்டர் வெப் இன்னொன்றைக் காட்டியது. டாரண்டில் கிடைத்த சில விண்டோஸ் 10 தொகுப்புகளில், கணினியைத் துவக்குவதற்கென்று ஒதுக்கப்படும் இஎஃப்ஐ பகுதிக்குள் தீநிரல் ஒளிந்திருந்தது. வைரஸ் எதிர்ப்பு மென்பொருள்கள் அந்தப் பகுதியை வழக்கமாகத் துழாவுவதில்லை. பயனர் யாருக்காவது கிரிப்டோ பணம் அனுப்பப் பெறுநரின் முகவரியை நகலெடுத்து ஒட்டினால், நடுவில் அது திருடனின் முகவரியாக மாறிவிடும்.

இதெல்லாம் இன்று நேற்றுத் தொடங்கியதில்லை. விண்டோஸ் 7-ன் முன்னோட்டப் பதிப்பை 2009 மே மாதம் மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரவிருந்தது. சில நாள் பொறுக்க முடியாதவர்கள் கசிந்த பிரதியை டாரண்டில் எடுத்தார்கள். அதில் ஒன்று அவர்களின் கணினியைத் திருட்டு வலையமைப்பில் சேர்த்துவிட்டது. 2011-ல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் சீன நகரங்களில் 20 புதுக் கணினிகளைக் கடைகளில் வாங்கிப் பார்த்தபோது நான்கில் தீநிரல் முன்கூட்டியே இருந்தது. அவற்றில் போட்டிருந்தது போலி விண்டோஸ். தொழிற்சாலைக்கும் கடைக்கும் நடுவே யாரோ உள்ளே கை வைத்திருந்தார்கள்.

எனக்கு இவற்றைவிட அதிகம் சொல்லும் சம்பவம் 2015 செப்டம்பரில் நடந்தது. ஐபோன் செயலிகளை எழுத உதவும் எக்ஸ்கோடு என்ற மென்பொருளை ஆப்பிள் இலவசமாகவே தருகிறது. ஆனால் சீனாவிலிருந்து அந்தப் பெரிய கோப்பை ஆப்பிளின் தளத்தில் பதிவிறக்க நெடுநேரம் ஆனது. யாரோ அதை உள்நாட்டுத் தளமான பைடுவில் ஏற்றிவைத்தார்கள். வேகமாக வந்ததால் தொழில்முறை நிரலாளர்களே அதை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பிரதியில் எழுதிய செயலிகள் அனைத்திலும் ரகசிய நிரல் ஒட்டிக்கொண்டது. அரட்டைச் செயலியான வீசாட்டின் ஒரு பதிப்பும் அதில் மாட்டியது. அங்கே திருட்டு ஆசை யாருக்கும் இல்லை, விலையும் இல்லை. அதிகாரபூர்வ வழி சிரமமாக இருந்தது, அவ்வளவுதான். கணினி படித்து அதையே தொழிலாகக் கொண்டவர்கள் அப்படி வழுக்கினார்கள் என்றால் அச்சகக்காரரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

என் வாதம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. “பழையதைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள், மேம்படுத்துங்கள்” என்பதே பாதுகாப்பு நிபுணர்கள் வழக்கமாகச் சொல்லும் அறிவுரை. அதில் உண்மை உண்டு, பிறகு வருகிறேன். ஆனால் இந்த ஆபத்தில் பெரும்பங்கை உண்டாக்குவது பயனரின் பிடிவாதமாக எனக்குத் தெரியவில்லை. தயாரித்தவர்கள் தங்கள் பழைய பதிப்புகளைத் தங்கள் கையால் தர மறுப்பதே அதை உண்டாக்குகிறது. அவர்கள் நிறுத்தியதும் அந்தப் பதிப்பு உலகிலிருந்து மறைந்துவிடுவதில்லை. முகம் தெரியாத யாரோ ஒருவர் விநியோகஸ்தர் ஆகிறார்.

கதவைச் சாத்தியவர்கள்

மைக்ரோசாஃப்டுக்கு இது முடியாத காரியம் இல்லை. 2009-ல் விண்டோஸ் 7 வந்தபோது, அதன் புரொஃபஷனல் பதிப்பு வைத்திருந்தவர்களுக்கு ‘எக்ஸ்பி மோட்’ என்ற பெயரில் ஒரு முழு விண்டோஸ் எக்ஸ்பியை அந்த நிறுவனமே இலவசமாகக் கொடுத்தது. புது விண்டோஸுக்குள் ஒரு மெய்நிகர் கணினி, அதற்குள் பழைய விண்டோஸ். தொழில்களுக்குப் பழைய மென்பொருள் தேவைப்படும் என்று அன்றைக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த பதிப்பில் அந்த ஏற்பாடு போய்விட்டது.

விண்டோஸ் 7-க்கு ஒரு மீட்புப் பக்கம் இருந்தது. 25 எழுத்துச் சாவியைக் கொடுத்தால் நிறுவல் கோப்பு கிடைக்கும். அதுவும் இப்போது இல்லை. 2020 ஆகஸ்டில், எஸ்ஹெச்ஏ-1 என்ற பழைய முறையில் கையெழுத்திட்ட விண்டோஸ் கோப்புகளையெல்லாம் மைக்ரோசாஃப்ட் தன் பதிவிறக்க மையத்திலிருந்து நீக்கியது. அந்தக் கையெழுத்து முறை பலவீனமாகிவிட்டது என்பதே காரணம். 2017-ல் கூகுளும் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்களும் அதை உடைத்துக் காட்டியிருந்தார்கள். பாதுகாப்புக்காகத்தான் நீக்கினார்கள். விளைவு என்ன? எக்ஸ்பி காலத்துக் கோப்புகளைத் தேடுபவர், பலவீனமான கையெழுத்தோடு மைக்ரோசாஃப்டிடம் வாங்கிவந்ததை, இனி எந்தக் கையெழுத்தும் இல்லாத கையிலிருந்து வாங்க வேண்டும்.

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ல் முடிந்தது என்பது பொதுமக்களுக்குச் சொன்ன கணக்கு. பிரிட்டன் அரசு 55 லட்சம் பவுண்டு கட்டி மேலும் ஓராண்டுக்குத் திருத்தங்களை வாங்கிக்கொண்டது. அமெரிக்கக் கடற்படை 2015-ல் 91 லட்சம் டாலர் கொடுத்தது. கடைகளின் பில் போடும் இயந்திரங்களுக்கென்று விற்ற எக்ஸ்பியின் சகோதரப் பதிப்புக்குத் திருத்தங்கள் 2019 ஏப்ரல் வரை வந்துகொண்டிருந்தன. எக்ஸ்பியை உயிரோடு வைத்திருக்கும் மருந்து தயாராகிக்கொண்டே இருந்தது. மருந்துச் சீட்டு யாரிடம் இருந்தது என்பதுதான் வேறுபாடு.

2017 மே 12 அன்று வன்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகெங்கும் பரவி, இங்கிலாந்தில் மட்டும் தேசிய மருத்துவச் சேவையின் 236 அறக்கட்டளைகளில் சுமார் 80-ஐப் பாதித்தது. மறுநாளே மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கும் திருத்தத்தை எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டது. பெருந்தன்மைதான். ஆனால் அந்தக் கோப்பின் கையெழுத்துத் தேதியைப் பார்த்தவர்கள் அது பிப்ரவரியிலேயே தயாரானது என்று கண்டார்கள். பணம் கட்டியவர்களுக்காகச் செய்து வைத்திருந்தது.

ஆப்பிள் இந்த விஷயத்தில் மேலானது என்று சொன்னால் பலர் வியப்பார்கள். பழைய மேக் இயங்குதளங்களுக்கென்று ஆப்பிளின் உதவித் தளத்தில் ஒரு பக்கமே இருக்கிறது. முன்பு காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த 2011-ன் லயன், 2012-ன் மவுன்டன் லயன் பதிப்புகளைக்கூட 2021-ல் இலவசமாக்கி அங்கே வைத்தார்கள். அதிலும் ஒரு கோளாறு உண்டு. அந்த நிறுவல் கோப்புகளுக்குள் இருக்கும் சான்றிதழுக்குக் காலாவதித் தேதி உண்டு. 2019 அக்டோபர் 24 அன்று பல பழைய நிறுவிகளின் சான்றிதழ் ஒரே நாளில் காலாவதியானது. முறையாகப் பதிவிறக்கிப் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்கு, கோப்பு ‘சேதமடைந்துள்ளது’ என்ற செய்தி வந்தது. கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆப்பிள் புதுச் சான்றிதழுடன் மீண்டும் ஏற்றிய கோப்பை எடுத்துக்கொண்டால் சரியாகிவிட்டது. அது தெரியாதவர்கள் கணினியின் கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்பி நிறுவினார்கள். மேக்கில் இருக்கும் இந்தத் தாராளம் ஐபோனில் துளியும் இல்லை. புதுப் பதிப்பு வந்த சில வாரங்களில் பழையதற்கு ஆப்பிள் கையெழுத்திடுவதை நிறுத்திவிடும். அதன்பின் உங்கள் சொந்தக் கைபேசியில் முந்தைய பதிப்புக்குத் திரும்ப வழியில்லை.

லினக்ஸ் உலகில் இந்தச் சிக்கலே பெரும்பாலும் இல்லை. டெபியன் திட்டம் தன் காப்பகத்தில் 1990களின் பதிப்புகளையும் வைத்திருக்கிறது. உபுன்டுவின் 2004 அக்டோபர் மாத முதல் பதிப்பை இன்றும் அதன் பழைய வெளியீடுகள் தளத்தில் எடுக்கலாம். யாரும் சாவி கேட்பதில்லை. உரிமம் பிரச்சினை இல்லை என்பதால் அவர்களுக்கு எளிது என்று சொல்லலாம். ஆனால் பெரும்பகுதி தன்னார்வலர்களால் நடக்கும் ஒரு திட்டத்தால் முப்பதாண்டுக் கோப்புகளை ஒழுங்காக அடுக்கிவைக்க முடிகிறதென்றால், உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றுக்கு இடம் போதவில்லை என்பதை நம்ப முடியாது.

அசலா என்று பார்ப்பது

அதிகாரபூர்வ வாசல் மூடியிருக்கும்போது அச்சகக்காரர் என்ன செய்யலாம்? முதலில் வீட்டுக்குள் தேட வேண்டும். கணினியோடு வந்த வட்டு எங்கோ ஓர் அலமாரியில் கிடக்கும். அதை இன்றே நகலெடுத்து வைப்பது நல்லது, வட்டுகள் கெடும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, மென்பொருளின் பிரதியை முறையாக வைத்திருப்பவர், இழப்பிலிருந்தும் சேதத்திலிருந்தும் காத்துக்கொள்ள அதிலிருந்து ஒரு காப்பு நகல் எடுப்பதைக் குற்றமாகக் கருதுவதில்லை. இது பலருக்குத் தெரியாது. அதே சட்டத்தின் 63பி பிரிவும் பலருக்குத் தெரியாது: திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். வியாபார லாபத்துக்காகப் பயன்படுத்தாதவர்களுக்குச் சிறையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கடை வைத்திருப்பவர் அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது.

வட்டு இல்லையென்றால் உரிமத்தைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 11 புரோ உரிமத்துடன் புதுக் கணினி வாங்கியவருக்கு அதில் விண்டோஸ் 10 புரோ போட்டுக்கொள்ளும் உரிமை சேர்ந்தே வருகிறது. ஹோம் பதிப்பு வாங்கியவருக்கு இல்லை. விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை. மொத்த உரிமம் வாங்கிய கல்லூரிகள், நிறுவனங்கள், விஷுவல் ஸ்டுடியோ சந்தா கட்டும் நிரலாளர்கள் ஆகியோருக்கும் மைக்ரோசாஃப்டின் பழைய கோப்புகள் பலவற்றை எடுக்க வழி இருக்கிறது.

இவை எதுவும் கைகூடாமல் இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற பொதுக் காப்பகத்திலோ நண்பரின் பென் டிரைவிலோ கோப்பு கிடைத்தால், அது அசலா என்று பார்க்க ஒரே வழி அதன் ஹாஷ் எண். ஆர்க்கைவில் யார் வேண்டுமானாலும் கோப்பு ஏற்றலாம். அங்கே இருப்பது ஒன்றே அதற்கு நற்சான்று ஆகாது. எஸ்ஹெச்ஏ-256 முறையில் கணக்கிட்டால் எத்தனை ஜிபி கோப்பும் 64 எழுத்துகளாகச் சுருங்கும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த 64-ம் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். விண்டோஸ் 10-லேயே இதற்கு வசதி உண்டு: பவர்ஷெல் சாளரத்தைத் திறந்து ‘கெட்-ஃபைல்ஹாஷ்’ கட்டளையைக் கோப்பின் பெயரோடு கொடுத்தால் போதும். வரும் எண்ணைத் தயாரித்தவர் வெளியிட்ட எண்ணோடு ஒப்பிட வேண்டும். எக்ஸ்பி, விண்டோஸ் 7 காலத்துக் கோப்புகளுக்கு மைக்ரோசாஃப்ட் தன் சந்தாதாரர்களுக்கு வெளியிட்டவை பெரும்பாலும் எஸ்ஹெச்ஏ-1 எண்கள். அது உடைந்த முறைதானே என்று கேட்கலாம். ஒரே எண் வரும்படி இரண்டு புதுக் கோப்புகளைச் சேர்த்துத் தயாரிக்க முடியும் என்பதே நிரூபணமானது. ஏற்கெனவே இருக்கும் ஒரு கோப்பின் எண்ணுக்குப் பொருந்தும் போலியை இதுவரை யாரும் செய்து காட்டவில்லை. பழைய கோப்பை அடையாளம் காண அது போதும்.

எங்கே ஒப்பிடுகிறோம் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கோப்பைத் தந்த அதே பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பயனில்லை. கோப்பை மாற்றியவனுக்கு எண்ணை மாற்றத் தெரியாதா? 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்த ஒருவர், 17.3 சின்னமன் பதிப்பின் பதிவிறக்க இணைப்பைப் பல்கேரியாவிலிருந்த தன் சர்வருக்குத் திருப்பிவிட்டார். அங்கே இருந்தது பின்கதவு வைத்த கோப்பு. அதிகாரபூர்வ தளத்துக்கே போய், எந்தத் தவறும் செய்யாமல் பதிவிறக்கியவர்கள் ஏமாந்தார்கள். அன்று டாரண்ட் வழியாக எடுத்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை! டாரண்ட் கோப்புக்குள் ஒவ்வொரு துண்டின் ஹாஷ் எண்ணும் அடங்கியிருக்கும். வேறு கோப்பை அதில் நுழைக்க முடியாது. டாரண்ட் என்றாலே திருட்டு என்று பயப்படுபவர்களும், டாரண்டில் எதையும் எடுக்கலாம் என்று துணிபவர்களும் ஒரே இடத்தில் தவறுகிறார்கள். அந்த டாரண்டை உருவாக்கியது யார் என்பதே பார்க்க வேண்டியது. திட்டத்தின் மின்னணுக் கையெழுத்தோடு வரும் ஹாஷ் பட்டியல் இருந்தால் அதைச் சரிபார்ப்பதே முழுமையான காப்பு. மின்ட் குழு அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அதைத்தான் வலியுறுத்தத் தொடங்கியது.

ஒன்று மட்டும் வேண்டவே வேண்டாம்: ‘லைட்’, ‘கேமிங்’, ‘ஆக்டிவேட் செய்தது’ என்று அடைமொழியோடு வரும் விண்டோஸ் தொகுப்புகள். யாரோ உள்ளே கை வைத்து மாற்றியது என்று அவர்களே பெயரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அவற்றின் ஹாஷ் எண்ணை ஒப்பிட அசல் என்று ஒன்றே கிடையாது. தனியாகக் கிடைக்கும் ஆக்டிவேட்டர்களும் அப்படித்தான். அவற்றை ஓட்ட முதலில் வைரஸ் எதிர்ப்பை அணைக்கச் சொல்வார்கள். அதற்கு மேலும் ஒரு எச்சரிக்கை தேவையா?

அசல் கோப்பும் ஆபத்தே

மேம்படுத்தச் சொல்லும் நிபுணர்கள் பக்கம் இருக்கும் உண்மைக்கு வருகிறேன். அட்சரம் பிசகாத அசல் எக்ஸ்பியை, ஹாஷ் பார்த்து, முறையான சாவியோடு நிறுவி, இணையத்தில் இணைத்தால் அது பாதுகாப்பான கணினி ஆகாது. அதன் ஓட்டைகள் உலகுக்கே தெரிந்தவை. அடைக்க யாரும் வரப்போவதில்லை. கோப்பு நம்பகமானதா என்பது ஒரு கேள்வி, அமைப்பு தாங்குமா என்பது வேறொரு கேள்வி. வன்னாக்ரையில் வீழ்ந்தவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அன்றைக்கு அதற்கு ஆதரவு முடியவில்லை. மார்ச் மாதமே திருத்தமும் வந்திருந்தது. போட்டுக்கொள்ளாமல் விட்டவர்களே சிக்கினார்கள்.

இந்திய ரிசர்வ் வங்கி இந்த விஷயத்தில் கறாராக நடந்துகொண்டது. ஏடிஎம்களில் ஆதரவு முடிந்த இயங்குதளங்கள் தொடர்வதைக் கண்டித்து, 2018 ஜூனில் சுற்றறிக்கை விட்டு, கால்வாசி செப்டம்பருக்குள், பாதி டிசம்பருக்குள் என்று படிப்படியாகக் கெடு வைத்து, 2019 ஜூனுக்குள் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னது. ஊர்ப் பணம் புழங்கும் இயந்திரத்துக்கு அது சரி. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கணினிக்கு அவ்வளவு தேவையில்லை, அதற்கு வலைத்தொடர்பைத் துண்டித்தால் போதும்.

துண்டிக்க நல்ல வழி, புதுக் கணினிக்குள் மெய்நிகர் கணினி அமைத்து அதற்குள் பழைய விண்டோஸைப் போடுவது. விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம், அதன் அமைப்பில் வலை அட்டையை அகற்றிவிட்டால் உள்ளே இருக்கும் எக்ஸ்பிக்கு வெளியுலகம் தெரியாது. யுஎஸ்பி டாங்கிளை உள்ளே கடத்திவிடலாம். பழைய பிரின்டர் போர்ட்டில் செருகும் டாங்கிள்தான் தலைவலி; அதற்குப் பல நேரம் அந்தப் பழைய பெட்டியையே காப்பாற்றி வைத்திருக்க வேண்டியிருக்கும். வேலை முடிந்த கோப்பை பிடிஎஃப் ஆக்கி வெளியே எடுக்கலாம். மெய்நிகர் கணினி முழுவதும் ஒரே கோப்புறையில் இருப்பதால் அதை அப்படியே நகலெடுத்து வேறு இடத்திலும் வைக்கலாம். ஹார்ட் டிஸ்க் நின்றுபோகும் பயம் அதோடு தீர்ந்தது. சர்வீஸ் கடைகளில் ‘ஓஎஸ் போட்டுத் தரப்படும்’ என்று எழுதி வைத்திருப்பவர்கள் இந்த வேலையைக் கற்றுக்கொண்டால் அச்சகங்கள் வரிசையில் நிற்கும்.

பராமரிக்கலாம் என்கிறது ஐரோப்பா

பதிப்புரிமைக் காலம் முடிந்தால் பழைய மென்பொருள் பொதுச்சொத்தாகிவிடுமே என்று காத்திருக்க முடியாது. அமெரிக்கச் சட்டப்படி நிறுவனப் படைப்புக்கு வெளியீட்டிலிருந்து 95 ஆண்டு. 2001-ல் வந்த எக்ஸ்பிக்கு 2096 முடிய வேண்டும். தானாக முன்வந்து திறந்துவிட நிறுவனங்களால் முடியும். எம்எஸ்-டாஸின் தொடக்ககால மூலநிரலை மைக்ரோசாஃப்ட் 2014-ல் கணினி வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது. 2024 ஏப்ரலில் அதன் 4.0 பதிப்பைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டது. யாருக்கும் பயன்படாத வயதுக்கு வந்தபின் கொடுக்கிறார்கள் என்பதே என் மனக்குறை.

ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கொண்டுவந்த சைபர் மீள்திறன் சட்டம் 2027 டிசம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வருகிறது. ஒரு முறை வெளியிட்ட பாதுகாப்புத் திருத்தத்தைக் குறைந்தது பத்தாண்டுக்குக் கிடைக்கும்படி வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. பழைய பதிப்புகளுக்கான பொதுக் காப்பகத்தை நிறுவனங்கள் பராமரிக்கலாம், ஆதரவு முடிந்ததைப் பயன்படுத்துவதன் ஆபத்தை அங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றும் அதில் ஒரு விதி இருக்கிறது. நல்ல விதிதான், கட்டாயமாக்காமல் நிறுவனத்தின் விருப்பத்துக்கு விட்டது அதன் பலவீனம். கட்டாயமாக்கினால் நிறுவனத்துக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. திருத்தம் எழுதச் சொல்லவில்லை, உதவி மையம் நடத்தச் சொல்லவில்லை. சாவி வைத்திருப்பவருக்குக் கோப்பும் ஹாஷ் எண்ணும் கிடைக்கும் ஒரு பக்கம், மேலே சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை. கோப்பைத் தர மனமில்லையென்றால் ஹாஷ் பட்டியலையாவது கையெழுத்திட்டு நிரந்தரமாகப் போட்டுவைக்கலாம். அந்தப் பட்டியல் சில பக்கங்கள்கூட வராது. பதிப்புரிமைச் சிக்கலும் அதில் இல்லை.

இந்தியா இதில் பின்தங்க வேண்டியதில்லை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையவாசலைத் தொடங்கியது. வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் அதில் அடக்கம். உதிரிபாகமும் பழுதுபார்க்கும் கையேடும் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். சி.என்.சி. இயந்திரத்தின் இயங்குதளம் உதிரிபாகம் இல்லையென்றால் வேறென்ன? டிராக்டருக்குப் பற்சக்கரம் கேட்கும் உரிமை, பட்டறைக்கு நிறுவல் கோப்பு கேட்கும் உரிமையாக நீள்வதில் தவறு ஏதும் தெரியவில்லை. டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்ஸை உருவாக்கிய அரசு ஆய்வு நிறுவனமான சி-டாக், பொதுத்துறையில் பயன்பாட்டிலிருக்கும் பழைய இயங்குதளங்களின் ஹாஷ் எண்களைத் திரட்டி வெளியிட நினைத்தால் அதற்குத் திறமை இருக்கிறது.

சட்டம் வரும்வரை விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் காத்திருக்க வேண்டாம். ஆதரவு முடிந்த பிறகும் மைக்ரோசாஃப்ட் அதன் பதிவிறக்கப் பக்கத்தை உடனே மூடிவிடவில்லை. விண்டோஸ் கணினியிலிருந்து போனால் நிறுவல் கருவியை மட்டும் காட்டும். கைபேசியிலிருந்தோ லினக்ஸ் கணினியிலிருந்தோ போனால் ஐஎஸ்ஓ கோப்பையே தரும். அதை எடுத்து, ஹாஷ் எண்ணைக் கணக்கிட்டு, ஒரு பென் டிரைவிலும் வேறோர் இடத்திலும் வைத்துவிடுங்கள். எண்ணைத் தாளில் எழுதியும் வையுங்கள். தனிநபர்களுக்கு மைக்ரோசாஃப்ட் 2026 அக்டோபர் 13 வரை அறிவித்த நீட்டிப்புத் திருத்தங்களில் சேர, 30 டாலர் கட்டுவதைத் தவிர, கணினி அமைப்புகளை அதன் மேகக் கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் காசில்லாமல் சேரும் வழியும் உண்டு. இன்னொன்றையும் மறக்காதீர்கள்: மடிக்கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான டிரைவர்கள் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். இயங்குதளத்தைக் கண்டுபிடித்து நிறுவியபின் வைஃபையும் ஒலியும் வேலை செய்யாமல், அவற்றுக்கான டிரைவரைத் தேடிப்போய்த்தான் பலர் கடைசியில் போலித் தளங்களில் சிக்குகிறார்கள். அந்த டிரைவர் பக்கங்கள் மூடப்படும்போது யாரும் முன்னறிவிப்புக்கூடத் தருவதில்லை.